எங்கள் வீட்டில் ஒரு சீவனுக்குக் கட்டி

கட்டியை முதலில் கண்டது நான்தான். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைகளின் மேல் பூனை வழக்கம்போலப் படுத்திருந்தது. அதை எழுப்பாமல் அடியிலிருந்து ஒரு தாளை உருவுவதற்காக, அதன் முன்காலுக்கு மேலே கையைக் கொடுத்து லேசாகத் தூக்கினேன். விரலில் ஏதோ தட்டியது. ரோமத்தில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கிள்ளி எடுக்கப் பார்த்தேன். பூனை என் மணிக்கட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, கடிக்காமல், என் முகத்தையே பார்த்தது. பருக்கை இல்லை. தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று இருந்தது. முந்தின வாரம் அது அங்கே இல்லை என்பது எனக்கு நிச்சயம். அந்த இடத்தில் சொறிந்துவிட்டால்தான் அதற்குப் பிடிக்கும்.

என் கணவர், எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம், ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். போர்மேன் என்றால் ஆட்களை வேலை வாங்குகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ‘வேண்டாம்’ என்று சொல்வதுதான் அவர் வேலை. உரசாதே, தட்டாதே, இழுக்காதே, ஓடாதே, வெயிலில் வைக்காதே. வருடக்கணக்காக இதையே சொல்லிப் பழகியதால் வீட்டுக்கு வந்த பிறகும் அவரால் நிறுத்த முடிவதில்லை. நான் தோசைக்கல்லைக் கொஞ்சம் வேகமாகத் தேய்த்தால்கூட அடுப்படி வாசலில் வந்து நின்றுவிடுவார்.

கட்டி என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, “அமுக்கினியா?”

“தெரியாம லேசா.”

“இனிமே யாரும் தொடக் கூடாது. எங்கேயிருந்து வந்துச்சு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பொருள் அது. நீ மொதல்ல போய் அந்த நைலான் சேலையை மாத்து.”

சேலைக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பூனையின் ரோமமும் நைலானும் உரசினால் மின்சாரம் உண்டாகும் என்றார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் பருத்தி உடுத்தி, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவர் ஒரு பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வெளியே போய் இரும்பு கேட்டைத் தொட்டுவிட்டு வந்தார். பூனையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரே ஒரு விரலால், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தைத் தொட்டார்.

“குருவி வெடி சைஸ் இருக்கு,” என்றார்.

எங்கள் வீட்டு மாடியில் அவருடைய அக்கா இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸாக வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டுக் கீழே இறங்கி வந்தவர், விஷயம் தெரிந்ததும் திரும்ப மேலே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

“தள்ளுலே, நான் பாக்கேன். கட்டின்னா அமுக்கித்தான் பாக்கணும். கெட்டியா, நகருதா, சூடா இருக்கான்னு தெரிய வேண்டாமா?”

“அமுக்கக் கூடாதுக்கா.”

“எத்தனை கட்டி பாத்திருக்கேன் தெரியுமா?”

“எத்தனை வெடி பாத்திருக்கேன் தெரியுமா?”

இப்படிப் பேசிக்கொண்டே இருவரும் பூனையின் இரண்டு பக்கமும் நெருங்கினார்கள். மதினியின் கையுறை கிழிந்தது. அதற்குள் அவர் தொட்டுவிட்டார். “சுண்டல் கடலை அளவு,” என்று அறிவித்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு அளவுமுறைகள் வந்துவிட்டன. தினமும் காலையில் கணவர் வெடிக் கணக்கிலும் மதினி பயறுக் கணக்கிலும் அளவு சொல்வார்கள். மூன்றாம் நாள் மதினி, “கடலை ஊறியிருக்கு,” என்றார். கணவர், “ஒரு சுத்து கூடியிருக்கு,” என்றார். இரண்டும் ஒன்றுதானா, இல்லை ஒன்று பெரிதா என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டம்மா சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பூசச் சொன்னார். பூசினால் பூனை நக்கிவிடுமே என்றேன். நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பூனை நக்காமல் பார்த்துக்கொள்வதற்கு வழி தெரிந்தால் நான் ஏன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்?

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தூக்கிப் போகக் கூடை இல்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் குறையாமல் இருப்பது பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டிதான். அதில் காற்றுத் துளைகள் போட்டுப் பூனையை வைத்தோம். பெட்டியின் நாலு பக்கமும் பூச்சட்டியும் தரைச்சக்கரமும் படங்களில் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தன. மேல்மூடியில், ‘பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்’ என்று இருந்தது. ஆடுகளோடு வரிசையில் உட்கார்ந்தோம். டாக்டர் வேம்பக்கோட்டைப் பக்கம் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். உதவியாளர் பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டு, திறந்த வேகத்திலேயே மூடினார்.

“கட்டிதானே? டாக்டர் வர்ற வரைக்கும் பெருசாகுதான்னு பாத்துக்கிட்டே இருங்க.”

என் கணவருக்கு யாராவது உத்தரவு கொடுத்தால் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவார். வேலை முடிந்து வந்ததும் பூனைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பூனையும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. காப்பியை நான் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு வருவேன்.

மதுரையில் நாய், பூனைகளை மட்டுமே பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருப்பதாக மதினி விசாரித்துச் சொன்னார். ஆனால் தீபாவளி நெருங்குகிற சமயம். ஆர்டர் மேல் ஆர்டர், லோடு மேல் லோடு. சீசனில் போர்மேன் லீவு கேட்பது, கல்யாணத்தன்று மாப்பிள்ளை லீவு கேட்பது மாதிரி. ஆகவே சனிக்கிழமை நானே பஸ்ஸில் கொண்டுபோவதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். விடைத்தாள் வேலை இருந்ததால் நான் போகவில்லை. மதினி மட்டும் போனார். திரும்பி வந்தவர் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் பள்ளியில் திடீரென்று சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள். மதுரைப் பயணம் தள்ளிப்போயிற்று.

அந்தச் சனிக்கிழமைதான் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னார்.

“கேள்விப்பட்டேன் டீச்சர். எந்தப் பக்கம்?”

எங்கள் பூனையின் செய்தி அவர் வரைக்கும் போயிருப்பதில் எனக்கு ஆச்சரியமும் கொஞ்சம் பெருமையும் ஏற்பட்டன.

“இடது தோள், மேடம்.”

“வலி இருக்கா?”

“தொட்டாத்தான். தொட்டா ஒரே சத்தம்.”

“சாப்பாடு எறங்குதா?”

“மீன்னா எறங்குது மேடம். வெறும் சோறு வச்சா முகத்தைத் திருப்பிக்கிறதுதான்.”

“ஆம்பளைகளுக்கு நோவுன்னா அப்படித்தான். தூக்கம்?”

பூனை கடுவன் என்பதுகூட இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். “தூக்கமெல்லாம் பகல்லதான் மேடம். ராத்திரியானா சுவர் ஏறிக் குதிச்சு வெளிய போயிட்டு, விடிஞ்சுதான் வர்றது. இந்தக் கட்டியோடயும் அது மட்டும் நிக்கலை.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எங்க போறது?”

“பின்தெருவுல ஒண்ணு இருக்கு மேடம். அங்கதான். தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

தலைமையாசிரியை கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு மேசையின் குறுக்கே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எம்புட்டுப் பொறுமைசாலின்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது,” என்றார். மீதி வகுப்புகளை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு பூனைக்காக இவ்வளவு இரக்கமா என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே சபையிலிருந்து நாலைந்து பெண்கள், ஆப்பிளும் சாத்துக்குடியும் சத்துமாவு டப்பாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை அரை நாள் என்பதால் கணவர் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தார். முகம் கழுவக்கூட விடாமல் அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் விளங்காமல், மரியாதைக்காகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் எழுந்து வந்து அவருடைய இடது தோளில் கையை வைத்துக் கண்களை மூடினார். என் கணவருக்கு அந்த இடத்தில் கூச்சம் அதிகம். தோளைக் குறுக்கிக்கொண்டு நெளிந்தார்.

“வலிக்குது பாருங்க, பாவம்!” என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஜெபம் நடந்தது. சோபாவில் இருந்த ஒரு அம்மாவின் மடியில் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. அவர் கண்ணை மூடியபடியே அதைத் தடவிக்கொடுத்தார். கட்டி அவர் கைக்கு இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. எல்லோரும் ஆமென் சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, மாடிப்படியில் பாதி ஏறிவிட்டிருந்த மதினியை நான் கூப்பிட்டேன்.

“மதினி, ஜெபக்கூட்டத்துல என்ன சொன்னீக?”

“நான் பொய் ஒண்ணும் சொல்லலை.”

“என்ன சொன்னீக?”

“எங்க வீட்டுல ஒரு சீவனுக்கு இடது தோள்ல கட்டி, கர்த்தர் கரைச்சுப் போடணும்னு சொன்னேன். பூனைன்னு வாயில வரலை. எனக்கு முந்தி ஒரு அம்மா பேரனுக்கு இருதய ஆபரேசன்னு அழுதுட்டு உக்காருது. அதுக்கு அடுத்தாப்புல எந்திரிச்சுப் பூனைன்னு எப்படிச் சொல்லுவேன்? பின்னாலருந்து யாரோ ‘தம்பிக்கா?’ன்னு கேட்டாக. அதுக்குள்ள ஜெபம் ஆரம்பிச்சுட்டாக. ஜெபத்துக்கு நடுவுல பேசக் கூடாதுல்லா.”

கணவர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நானே எல்லார்கிட்டயும் சொல்லிருதேன்,” என்றார்.

ஆனால் அன்று சாயங்காலமே கம்பெனி முதலாளி வந்துவிட்டார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தாத்தா காலத்திலிருந்து பட்டாசுத் தொழில், அச்சகம், தீப்பெட்டி என்று இருக்கிற குடும்பம். நெற்றியில் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக வந்தவர், என் கணவர் எழுந்ததும் பதறிப்போனார்.

“எந்திரிக்காதீக போர்மேன். உக்காருங்க. சாப்பிட்டீகளா?”

“அண்ணாச்சி, நீங்க கேள்விப்பட்டது…”

“எப்பருந்து இருக்கு?”

“ஒரு வாரமா. ஆனா அது…”

“கெட்டியா இருக்கா, மெத்துனு இருக்கா?”

“கெட்டிதான். ஆனா அண்ணாச்சி, அது எனக்கு இல்ல.”

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. “எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக. எனக்கு இல்ல, எனக்கு இல்லன்னுதான் மனசு சொல்லும். தள்ளுனா நகருதா?”

நான் குறுக்கே புகுந்தேன். “அண்ணாச்சி, எங்க வீட்டுப் பூனைக்குத்தான்…”

“பூனையைப் பாத்துக்கிட நான் ஆள் அனுப்புதேன் தங்கச்சி. நீங்க போர்மேனைப் பாருங்க. திங்கக்கெழமை காலைல கார் வரும். மதுரையில பெரிய டாக்டர்கிட்ட காட்டிருவோம். நானும் வாரேன். நானே ஓட்டிக்கிட்டு வாரேன்.”

எங்கள் வாயிலிருந்து வேறு வார்த்தை வருவதற்குள் போய்விட்டார். சீசன் உச்சத்தில் அண்ணாச்சியே போர்மேனுக்கு லீவு கொடுத்து, தானும் கூடப் போகிறார் என்ற செய்தி விடிவதற்குள் ஊரைச் சுற்றியது. இனி இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று ஆகிவிட்டது. ஞாயிறு ஆராதனையில் குருவானவர் என் கணவருக்காக விசேஷமாக ஜெபித்தார். முடிந்ததும் கணவர் யாரிடமோ, “எனக்கு ஒண்ணும் இல்ல,” என்று சொல்ல, “இந்த விசுவாசம்தான் வேணும்,” என்று அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பூனையோ அன்று மீனையும் தொடவில்லை. உடம்பு கொதித்தது. கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டதாக மதினி சொன்னார். கணவர் எந்த வெடியையும் சொல்லவில்லை. அதிலிருந்தே அவருக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரிந்தது.

“எப்படியும் கார் மதுரைக்குத்தானே போகுது,” என்றேன். “பூனையையும் தூக்கிக்கிடுவோம். வழியில நிதானமாச் சொல்லிருவோம்.”

திங்கட்கிழமை காலை அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில் ஏறினேன். அண்ணாச்சி கண்ணாடியில் பெட்டியைப் பார்த்தார்.

“டாக்டருக்குக் கிஃப்ட் பாக்ஸா? நல்ல காரியம் பண்ணுனீக தங்கச்சி. எனக்குத் தோணலை பாருங்க.”

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விருதுநகர் தாண்டும் வரை இருவருமே எதுவும் சொல்லவில்லை. அண்ணாச்சி மட்டும் கேள்வி கேட்டபடி ஓட்டினார். ஊசி போட்டுத்தான் பார்ப்பார்களா? வெட்டுவார்களா? வெட்டினால் பரவிவிடும் என்கிறார்களே, நிஜமா? ஒரு போர்மேனின் தோளைப் பற்றி ஒரு முதலாளிக்கு இத்தனை சந்தேகம் இருக்குமா என்று எனக்கு அப்போதே விசித்திரமாகப் பட்டது.

திருமங்கலத்துக்கு முன்னால் பெட்டி கத்தியது. நோயாளிப் பூனையின் கத்தல் நீளமாக, அடிவயிற்றிலிருந்து வரும். அண்ணாச்சி காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“என்ன சத்தம் அது?”

“அண்ணாச்சி,” என்றார் என் கணவர், கம்பெனியில் விபரீதம் எதையாவது சொல்லும்போது வருகிற அதே நிதானக் குரலில். “கட்டி இதுக்குத்தான்.”

நான் மூடியைத் திறந்தேன். பூனை தலையை மட்டும் வெளியே நீட்டி அண்ணாச்சியைப் பார்த்தது. நான் ஜெபக்கூட்டத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி கதவைத் திறந்து இறங்கி, எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்து போனார். எங்களை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். கணவர் சீட் பெல்ட்டை அவிழ்த்து இறங்கத் தயாராக இருந்தார். ஆனால் அண்ணாச்சி டீயைக் குடித்துவிட்டு, எங்களுக்கும் இரண்டு டீயைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, துண்டு போட்டால் மறைந்துவிடுகிற இடத்தில், எலுமிச்சம்பழம் போல ஒன்று உருண்டு நின்றது.

“ரொம்ப நாளா இருக்கு,” என்றார். “வீட்டுல யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்ட போகப் பயம். உங்களுக்கும் அதே எடத்துலன்னு கேள்விப்பட்டதும், பாவின்னு நெனச்சுக்கிடாதீக போர்மேன், எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. உங்களுக்கு என்ன செய்யுறாகன்னு கூட நின்னு பாத்துட்டு, அப்புறம் நானும் காட்டிக்கிடலாம்னு இருந்தேன்.”

எனக்கு முதல் முறையாக, என் கணவருக்குக் கட்டி இல்லாமல் போனது ஒரு குறை மாதிரித் தோன்றியது.

அண்ணாச்சி பொத்தான்களை மாட்டினார். “சரி, மொதல்ல பூனைக்குப் பாப்போம். அதுக்கு என்ன செய்யுறாகன்னு பாக்கேன்.”

கிளினிக்கில் டாக்டரம்மா சின்ன வயது. பூனையை மேசையில் போட்டுக் கணவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அண்ணாச்சி கேட்காமலேயே பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

“எப்பப் பார்த்தீங்க? எதாவது பூசினீங்களா? அமுக்கினீங்களா?”

“யாரையும் அமுக்கவே விடலை டாக்டர்,” என்றார் கணவர்.

“ரொம்ப நல்லது. பிதுக்கியிருந்தா இன்னும் உள்ள போயிருக்கும்.”

கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மதினி அங்கே இல்லையே என்ற வருத்தம் அந்த முகத்தில் இருந்தது.

“தொட்டுப் பாத்தாலே என்ன கட்டின்னு தெரிஞ்சிருமா டாக்டர்?” இது அண்ணாச்சி.

“யாராலயும் சொல்ல முடியாது சார். சின்ன ஊசியால கொஞ்சம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். புதுசா ஒரு கட்டின்னா வீட்டுல வச்சு அளந்துக்கிட்டே இருக்கக் கூடாது. சீக்கிரம் கொண்டு வந்து காட்டிரணும்.”

“பூனைக்கு மட்டுமா, இல்ல பொதுவாவா?”

டாக்டரம்மா அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். “பொதுவாவே சார்.”

ரோமத்தை மழித்து ஊசியைச் செருகி இழுத்தார். மஞ்சளாகச் சீழ் ஏறியது. டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. வேறு பூனையோடு சண்டை போட்டதில் ஆன காயம், மேலே ஆறி உள்ளே பழுத்திருக்கிறது என்றார். மயக்கம் கொடுத்துக் கீறிச் சுத்தம் செய்தபோது, இடுக்கியின் நுனியில் வளைந்த சிறு நகத்துண்டு ஒன்று வந்தது. இன்னொரு பூனையின் நகம். அண்ணாச்சி அதைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு பின்னங்கால்களை விட்டுவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன்.

“மனுசனுக்கும் இதே ஊசிதானா டாக்டர்?” என்றார் தரையிலிருந்தே.

“மனுஷங்களுக்கு மனுஷ டாக்டர்கிட்ட போகணும் சார். இன்னைக்கே போங்க,” என்றார் அந்தப் பெண். எதையும் கேட்காமலே புரிந்துகொண்டிருந்தார்.

மயக்கம் தெளியாத பூனையோடு அங்கிருந்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் காவலாளி பெட்டியைப் பார்த்துவிட்டு, “பட்டாசெல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதும்மா,” என்றார். பட்டாசு இல்லை, பூனை என்றேன். பூனையும் கொண்டு போகக் கூடாது என்றார். நான் வேப்பமரத்தடியில் நின்ற காரிலேயே இருந்துகொண்டேன். உள்ளே நடந்ததைக் கணவர்தான் பிறகு சொன்னார்.

நோயாளி யார் என்று சீட்டு எழுதும் இடத்தில் கேட்டதும் அண்ணாச்சிக்கு நாக்கு புரண்டுவிட்டது. “இவருதான். என் கம்பெனி போர்மேன்,” என்று சொல்லிவிட்டார். என் கணவருக்கு உத்தரவை மீறிப் பழக்கமில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தார். டாக்டர் இடது தோளைத் தடவினார். வலது தோளைத் தடவினார்.

“எங்க இருக்கு?”

“எனக்கு இல்ல டாக்டர். பூனைக்கு இருந்துச்சு. காலைல எடுத்தாச்சு.”

டாக்டர் கையை எடுத்துக்கொண்டு, கூட வந்தவரைப் பார்த்தார். அப்போதுதான் அண்ணாச்சி தன் பொத்தான்களைக் கழற்றினாராம்.

கொழுப்புக் கட்டியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் சோதித்துவிடலாம் என்று ஊசி போட்டு எடுத்தார்கள். ஊசி ஏறும்போது அண்ணாச்சி என் கணவரின் கையைப் பிடித்த பிடியில் மோதிரத்தின் தடம் பதிந்திருந்தது. சில நாட்களில் முடிவு வந்தது. கெட்டது ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு இருக்கலாம், வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அன்று மதுரையிலிருந்து திரும்பி வந்தபோது அண்ணாச்சி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, தயங்கினார். “போர்மேன், ஊர்ல யாராச்சும் கேட்டா…”

“கட்டி எனக்குத்தான் அண்ணாச்சி,” என்றார் என் கணவர்.

அதோடு எங்களால் யாரிடமும் எதையும் திருத்திச் சொல்ல முடியாமல் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரம் செலுத்த அவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றார். பொய் சொல்ல வராது என்பதால், “மதுரையில டாக்டர் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னுட்டாரு,” என்று மட்டும் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. சபையே கை தட்டியது. ஓய்வுபெற்ற டீச்சரம்மா பக்கத்திலிருந்தவர்களிடம், “நான் தொட்டப்ப கல்லு மாதிரி இருந்துச்சு,” என்று சொன்னது எனக்குக் கேட்டது. தலைமையாசிரியை மட்டும் பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்தெருவைப் பற்றி அவரிடம் எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன பொங்கல் சமயத்தில்தான் அண்ணாச்சி தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அந்தம்மாள் கட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பூனையைத் தூக்கிக்கிட்டா சீசன்ல ஒரு நாள் பூராவும் கம்பெனியைப் போட்டுட்டுப் போனீக?” என்று சண்டை போட்டாராம். அதற்குப் பிறகு அண்ணாச்சியே என்னிடம், “இதைக் கதையா எழுதணும்னா எழுதிக்கிடுங்க தங்கச்சி. பேரு மட்டும் வேண்டாம்,” என்றார்.

பூனைக்கு ரோமம் முளைத்துவிட்டது. போன மாதம் அதன் வயிற்றில் எனக்கு மறுபடியும் ஒன்று தட்டுப்பட்டது. ரொம்பச் சின்னது. இந்த முறை யாரும் அளக்கவில்லை, யாரும் ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. நானும் கணவரும் மதினியும், கடையில் வாங்கின நல்ல கூடையில் பூனையை வைத்து, விடிந்ததும் முதல் வேலையாக மதுரைக்குப் பஸ் ஏறினோம். டாக்டரம்மா பூனையை மல்லாத்திப் போட்டு, விரலால் தேடி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் அதற்கு நேரே மறுபக்கத்தில் தொட்டார். அங்கேயும் ஒன்று இருந்தது. இன்னும் கீழே தொட்டார். அங்கேயும் இருந்தது.

“அய்யோ,” என்றார் மதினி.

“காம்பும்மா,” என்றார் டாக்டரம்மா. “ஆம்பளைப் பூனைக்கும் உண்டு.”

மதினி பூனையைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அது அப்படியே எங்கள் மூவரையும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்த பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று பூனைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மாட்டுத்தாவணியில் ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.